‘வேண்டாம்’ என்றதும் அந்த ஆள் என்ன செய்கிறான்?

பாலியல் வன்முறை என்று பேச்செடுத்தாலே பெண்களுக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் இருட்டைப் பற்றியதாகத்தான் இருக்கும். ராத்திரி தனியாகப் போகாதே, ஆளில்லாத தெருவில் நடக்காதே, முன்பின் தெரியாதவரிடம் பேச்சு கொடுக்காதே. ஆனால் தாக்கியவர்களில் பெரும்பாலோர் அந்தப் பெண்ணுக்கு நன்றாகத் தெரிந்தவர்கள். கணவன், காதலன், பிரிந்துபோன காதலன், உறவுக்காரர், உடன் வேலை பார்ப்பவர், நண்பரின் நண்பர். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, துணைவரின் அடி உதைக்கோ பாலியல் வன்முறைக்கோ, அல்லது வேறொருவரின் பாலியல் வன்முறைக்கோ ஆளான பெண்கள் கிட்டத்தட்ட மூவரில் ஒருவர். அதிலும் பெரும்பங்கு துணைவரிடமிருந்து வந்தது. இருட்டைப் பற்றிய அறிவுரை இந்தப் பெரும்பங்கைத் தொடுவதே இல்லை.

தெரிந்த ஆள் என்பதில் ஒரே ஒரு அனுகூலம் உண்டு. அவனைக் கவனிக்க நேரம் கிடைக்கிறது. எதைக் கவனிப்பது என்பதுதான் இந்தப் பதிவு. அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எந்த அறிகுறியும் காட்டாமல் நடக்கும் தாக்குதல்கள் உண்டு. அறிகுறி தெரிந்தும் விலக முடியாத நிலையில் இருக்கும் பெண்கள் ஏராளம். "உனக்கு முன்னாடியே தெரியலையா?" என்று பாதிக்கப்பட்டவரிடம் கேட்பதற்காக இதையெல்லாம் படிப்பதென்றால், படிக்காமலே இருக்கலாம்.

முன்கூட்டியே கண்டுகொள்வதால் பலன் உண்டா என்று கேட்டால், உண்டு. கனடாவில் சார்லின் சென் என்ற உளவியல் ஆய்வாளரின் குழு மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவிகளுக்கு மூன்று மணி நேர வகுப்புகள் நான்கு நடத்தியது. தெரிந்த ஆண்களிடம் ஆபத்தை எடைபோடுவது, அதைத் தனக்குத்தானே ஒப்புக்கொள்வது, பிறகு செயல்படுவது, இதுதான் பாடத்தின் முதுகெலும்பு. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, வகுப்பில் சேர்ந்தவர்களில் 5.2 சதவீதம் பேரும், துண்டுப் பிரசுரம் மட்டும் கிடைத்தவர்களில் 9.8 சதவீதம் பேரும் வல்லுறவுக்கு ஆளாகியிருந்தார்கள். வல்லுறவு முயற்சி முதல் குழுவில் 3.4, இரண்டாவதில் 9.3 சதவீதம். முடிவுகள் 2015இல் வெளியாயின. பாதியளவுக்குக் குறைகிறது என்பது பெரிய விஷயம். முழுதும் குறையவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும், ஏனென்றால் குற்றம் செய்பவனை எந்த வகுப்பும் தொடவில்லை.

அந்த மூன்று படிகளில் பலரும் தடுக்கி விழுவது முதல் படியில் இல்லை, இரண்டாவதில். வயிற்றைப் பிசைகிற அந்த உணர்வு வந்துவிடுகிறது. உடனே மனசு வக்கீலாக மாறி அவனுக்காக வாதாடுகிறது: "நல்ல குடும்பத்துப் பையன், அவருக்கு அந்த எண்ணமே இருக்காது, நான்தான் தப்பா எடுத்துக்கறேன், எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்றது." ஆளை நிறுத்தி விசாரிக்கும்போது நமக்கு ஆதாரம் வேண்டியிருக்கிறது. அந்த இடத்தைவிட்டுக் கிளம்புவதற்கு எந்த ஆதாரமும் வேண்டாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் தாமதம். சந்தேகம் தப்பாகிப்போனால் நஷ்டம் ஒரு சங்கடமான சாயங்காலம், அவ்வளவுதான்.

சரி, அறிகுறி எது? முறைத்துப் பார்ப்பவன், முரட்டுத் தோற்றம், குடிக்கிறவன் என்று ஆளின் வகையைத் தேடினால் ஏமாந்துபோவோம். ஒழுங்காக உடுத்தி, மரியாதையாகப் பேசி, அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்கிறவனும் அதைச் செய்வான். ஆளைவிட ஒரு கணத்தைக் கவனிப்பதுதான் உதவும். நீங்கள் சின்னதாக ஒரு ‘வேண்டாம்’ சொன்ன பிறகு வரும் அடுத்த அரை நிமிடம்.

ஓர் உதாரணத்தை மெதுவாகப் பார்ப்போம். வேலை முடிந்து கிளம்புகிற நேரம். "நான் டிராப் பண்றேன்" என்கிறார் உடன் வேலை பார்ப்பவர்.

"வேண்டாம், கேப் புக் பண்ணிட்டேன்."

"கேன்சல் பண்ணிடு."

"இல்ல, பரவாயில்ல."

"ஏன், என்மேல நம்பிக்கை இல்லையா?"

இங்கே என்ன நடந்தது என்று பாருங்கள். முதல் ‘வேண்டாம்’ ஒரு தகவல். அதற்கு வந்த பதில் ஒரு கட்டளை. இரண்டாவது ‘வேண்டாம்’ சொன்னதும் பேச்சு வண்டியைவிட்டு நகர்ந்து உங்கள் குணத்துக்கு வந்துவிட்டது. இப்போது நீங்கள் சந்தேகப் பிராணி இல்லை என்று நிரூபிக்க வேண்டும், அதற்கு ஒரே வழி அந்த வண்டியில் ஏறுவது. பெண்கள் ஏறுவது பயணத்துக்காக இல்லை, அந்தக் குற்றச்சாட்டிலிருந்து தப்பிக்க. இதே இடத்தில் இன்னொருவர், "ஓ சரி, பார்த்துப் போங்க" என்று திரும்பிவிடுவார். அவரும் டிராப் பண்ண ஆசைப்பட்டவர்தான். வித்தியாசம் முழுக்க அந்தப் பதிலில் இருக்கிறது.

கூச்ச சுபாவமுள்ள, பழகத் தெரியாத ஆண்களை நாம் அநியாயமாகச் சந்தேகிக்கிறோமோ என்ற கேள்வி அடிக்கடி வரும். அதற்கும் இதே சோதனைதான். பழகத் தெரியாதவரிடம் சொன்னால் வெட்கப்பட்டு ஓர் அடி பின்னால் போவார். மற்றவன் சொன்னது புரிந்தே ஓர் அடி முன்னால் வருவான். ‘வேண்டாம்’ என்பதைப் பேரம் பேசுவது, சிரித்து மழுப்புவது, முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வது, கோபப்படுவது, பத்து நிமிடம் கழித்து வேறு வார்த்தையில் மறுபடி கேட்பது, கேட்காமலே செய்துவிட்டு "சும்மா ஜாலிக்குத்தானே" என்பது எல்லாம் ஒரே இனம். ஆகவே பெரிய விஷயம் வரும்வரை காத்திருக்காதீர்கள். சின்ன விஷயத்தில் மறுத்துப் பாருங்கள். இந்த இடம் வேண்டாம், இன்றைக்கு போனில் பேச முடியாது, போட்டோ அனுப்ப மாட்டேன். என்ன வருகிறது என்று பாருங்கள். இதைவிட மலிவான பரிசோதனை கிடையாது.

இது ஏன் இப்படிப் படிப்படியாக வருகிறது என்றால், தெரிந்த ஆளுக்கு அவசரம் இல்லை. தோளில் கை, இடுப்பில் கை, இரட்டை அர்த்தப் பேச்சு, நள்ளிரவு மெசேஜ் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கிறான். ஒவ்வொரு முறையும் அவனுக்குத் தெரியவேண்டியது மூன்று: இவள் மறுப்பாளா, வெளியே சொல்வாளா, சொன்னால் இவளுக்காக யாராவது நிற்பார்களா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்று பதில் கிடைத்தால் அடுத்த படி. முதல் படியிலேயே, நாலு பேர் இருக்கும்போதே, "கையை எடுங்க" என்று சாதாரணக் குரலில் சொல்வது மூன்று கேள்விக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்லிவிடுகிறது. காரணம் சேர்க்காதீர்கள். "எனக்குத் தலை வலிக்குது" என்றால் தலைவலிக்கு மாத்திரை வரும். "எனக்கு விருப்பமில்லை" என்பதற்கு மாத்திரை கிடையாது.

அடுத்து கவனிக்க வேண்டியது, உங்களைச் சுற்றியிருக்கும் இடம் சுருங்குகிறதா என்பது. எல்லாரும் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து "இங்க சத்தமா இருக்கு, வா" என்று நகர்த்துவது. மீட்டிங் என்று சொன்ன இடம் கடைசி நேரத்தில் ஹோட்டல் அறையாக மாறுவது. குழுவாக என்று கூப்பிட்டுவிட்டுப் போய்ப் பார்த்தால் இருவர் மட்டும் இருப்பது. உங்கள் வண்டிச் சாவி, போன், பை அவன் கையில் இருப்பது. கேட்காத உதவிகள் அடுக்கடுக்காக வந்து, மறுத்தால் நன்றிகெட்டவள் ஆகிவிடுவோமோ என்ற நிலை. "நமக்குள்ளயே இருக்கட்டும்" என்ற ரகசியம், குறிப்பாக வயதிலோ பதவியிலோ மேலே இருப்பவர் சொன்னால். தனித்தனியாக இவை ஒன்றுமே இல்லாமல் போகலாம். ஒரே ஆளிடம் ஒரே வாரத்தில் இரண்டு மூன்று சேர்ந்தால் தற்செயல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பேச்சும் காட்டிக்கொடுக்கும். நீல் மலமுத் என்ற ஆய்வாளர் 1991இல் முன்வைத்த விளக்கம் ஒன்று இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. பாலியல் வன்முறை செய்யும் ஆண்களிடம் இரண்டு இழைகள் சேர்ந்து காணப்படுகின்றன என்றார். பெண்கள்மேல் ஒரு வன்மமும் சந்தேகமும் ஒன்று. உறவே இல்லாமல் உடலுறவை எண்ணிக்கையாகப் பார்ப்பது மற்றொன்று. அன்றாடத்தில் இது எப்படிக் கேட்கும்? பழகிய பெண்கள் எல்லாரும் பைத்தியம், எல்லாரும் ஏமாற்றுக்காரிகள் என்பான். செய்தியில் வரும் ஒவ்வொரு வழக்கிலும் பெண் பொய் சொல்கிறாள் என்பான். "பொண்ணுங்க ‘இல்ல’ன்னு சொன்னா ‘ஆமா’ன்னு அர்த்தம்" என்று சிரிப்பான். உங்களிடம் தேனாகப் பேசுகிறானா என்பதைவிட, முன்னாள் காதலியைப் பற்றி எப்படிப் பேசுகிறான் என்பது அதிகம் சொல்லும்.

உறவுக்குள் வரும்போது விஷயம் இன்னும் சிக்கலாகிறது, ஏனென்றால் இங்கே ஆரம்ப அறிகுறிகள் அன்பின் வேஷத்தில் வருகின்றன. சந்தித்த சில வாரங்களிலேயே "நீ இல்லாம செத்துருவேன்". தினமும் எங்கே இருக்கிறாய் என்று போட்டோ. ‘பொசஸிவ்’ என்று தோழிகள் பெருமையாகக்கூடச் சொல்வார்கள். பிறகு அந்தத் தோழிகளே ஒவ்வொருவராகக் குறைகிறார்கள், ஏனென்றால் ஒவ்வொருவரிடமும் அவனுக்கு ஒரு குறை. சம்பளம், உடை, போன் பாஸ்வேர்ட் எல்லாம் அவன் கட்டுப்பாட்டுக்குப் போகின்றன. இங்கிலாந்தும் வேல்ஸும் 2015இல் இந்த வகைக் கட்டுப்படுத்தலையே, ஓர் அடிகூட விழாவிட்டாலும், தனிக் குற்றமாக்கின. படுக்கையறையில் இதன் தொடர்ச்சி இப்படி இருக்கும்: மறுத்தால் இரண்டு நாள் பேசாமல் இருப்பது, தூங்கவிடாமல் நச்சரித்து இணங்கவைப்பது, ஆணுறையைச் சொல்லாமல் கழற்றுவது, கருத்தடை மாத்திரையை ஒளித்துவைப்பது. "அடிக்கவில்லையே" என்று இவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறோம். இணங்கினால்தான் நிம்மதி என்று இணங்குவது சம்மதம் இல்லை.

ஒரு அறிகுறிக்கு மட்டும் தனி இடம் உண்டு: கழுத்தை நெரிப்பது. ஒருமுறை, சில விநாடி, விளையாட்டுக்கு என்று சொன்னாலும். துணைவரால் கொல்லப்படும் ஆபத்தை மதிப்பிட அமெரிக்காவில் செவிலியர்-ஆய்வாளர் ஜாக்குலின் கேம்ப்பெல் 1985இல் ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார். இன்றைய வடிவத்தில் அதில் 20 கேள்விகள். கழுத்தை நெரித்தது, கட்டாயப்படுத்திய உடலுறவு, கொலை மிரட்டல், அண்மையில் பிரிந்தது ஆகியவை அதில் உண்டு. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், முன்பு துணைவனால் கழுத்து நெரிக்கப்பட்ட பெண்கள் பின்னர் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் என்று தெரிந்தது. இதில் பலர் தவறவிடுவது மருத்துவப் பக்கம். பெரும்பாலும் கழுத்தில் கைத்தடமே இருக்காது. குரல் கம்முவது, விழுங்கும்போது வலி, கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள், நெரித்தபோது தன்னையறியாமல் சிறுநீர் போனது, நினைவில் ஓர் இடைவெளி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கழுத்தின் ரத்தக்குழாய்ச் சுவர் உள்ளுக்குள் கிழிந்து, பல நாள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். போனதும் "கழுத்தை நெரித்தார்" என்று அதே சொல்லில் சொல்லுங்கள். "சண்டை, கழுத்து வலிக்குது" என்றால் வலிநிவாரணி எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

கட்டுப்படுத்துகிற துணைவனைப் பிரியும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம் என்பதால், பிரிவதை முன்கூட்டி அறிவிக்காதீர்கள். தனியாக, அவன் வீட்டில், "கடைசியா ஒருமுறை பேசிக்கலாம்" என்ற சந்திப்புக்குப் போகாதீர்கள். அடையாள அட்டைகள், சான்றிதழ்கள், கொஞ்சம் பணம், மருந்து, மாற்றுச் சாவி ஆகியவை முன்பே நம்பகமான வேறொருவர் வீட்டில் இருக்க வேண்டும்.

இதில் போன் ஒரு தனி அத்தியாயம். வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ திறந்து பாருங்கள், உங்களுக்குத் தெரியாத கணினி அங்கே இருந்தால் உங்கள் மெசேஜ் எல்லாம் அங்கேயும் ஓடுகிறது. கூகுள் மேப்ஸில் லொகேஷன் ஷேரிங், மின்னஞ்சல் கணக்கின் மீட்பு எண், போன் இருக்கும் இடத்தைக் காட்டும் ஐபோனின் ‘ஃபைண்ட் மை’ ஆகியவற்றையும் பாருங்கள். ஐபோனில் ஐஓஎஸ் 16 முதல் ‘சேஃப்டி செக்’ என்றே ஒரு வசதி இருக்கிறது, யாருக்கு எதெல்லாம் போகிறது என்று ஒரே இடத்தில் காட்டும். பையிலோ வண்டியிலோ ஏர்டேக் போன்ற சிறு டிராக்கர் உங்களோடு பயணித்தால், புதிய ஐபோனும் ஆண்ட்ராய்டும் எச்சரிக்கை தரும். ஆனால் எதையும் அந்த நிமிடமே அணைத்துவிடாதீர்கள். லொகேஷன் திடீரென்று நின்றால் அவனுக்கு விஷயம் தெரிந்துவிடும். முதலில் ஸ்கிரீன்ஷாட், பிறகு வேறொருவரின் போனிலிருந்து உதவிக்குத் திட்டம், அதன் பிறகே துண்டிப்பு.

விடாமல் தொடர்பவனுக்கு ஒரே ஒரு மெசேஜ் போதும்: "இனி என்னைத் தொடர்புகொள்ள வேண்டாம்." மன்னிப்பு, விளக்கம், ஸ்மைலி எதுவும் வேண்டாம். அதன்பிறகு பதிலே கூடாது, திட்டுவதற்குக்கூட. முப்பது மிஸ்டு கால் வந்தபின் பொறுக்கமுடியாமல் எடுத்தால் அவன் கற்றுக்கொள்வது, முப்பதுவரை அடித்தால் எடுப்பாள் என்பதை. வந்தவற்றை அழிக்காமல், எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அவனுக்குத் தெரியாத மின்னஞ்சலில் வையுங்கள். நேரில் நடந்ததை அன்றே எழுதுங்கள்: தேதி, நேரம், இடம், அவன் சொன்ன வார்த்தை அப்படியே, அங்கே யார் இருந்தார்கள். ‘அசிங்கமாகப் பேசினார்’ என்று எழுதினால் பிறகு பயன்படாது. அந்த அசிங்கத்தையே எழுத வேண்டும்.

எல்லாம் மீறித் தாக்குதல் தொடங்கிவிட்டால்? கத்துவது, ஓடுவது, உடல் பலத்தால் எதிர்ப்பது வல்லுறவு நிறைவேறும் வாய்ப்பைக் குறைக்கிறது, கெஞ்சுவதும் அழுவதும் பெரிதாகக் குறைப்பதில்லை என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. ஆனால் உடல் எப்போதும் நம் சொல் கேட்காது. ஸ்டாக்ஹோமில் வல்லுறவுக்குப்பின் அவசர சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வில் (2017இல் வெளியானது) 70 சதவீதம் பேர் தாக்குதலின்போது கைகால் அசைக்க முடியாமல் உறைந்துபோனதாகச் சொன்னார்கள். அது கோழைத்தனமும் இல்லை, சம்மதமும் இல்லை. பேராபத்தில் மூளை தானாக இழுக்கும் பிரேக். "ஏன் கத்தவில்லை?" என்று கேட்கும் எல்லாரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும், விசாரிக்கிறவர்கள் முதலில்.

கூட இருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. பார்ட்டியில் ஒரு பெண் குடித்த அளவுக்குச் சம்பந்தமில்லாமல் தள்ளாடுகிறாள், ஒருவன் "நான் பார்த்துக்கறேன், ரூம்ல விட்டுடறேன்" என்கிறான். இந்த வாக்கியம் கேட்டால் நகராதீர்கள். அவனோடு சண்டை போடவேண்டியதில்லை. "நாங்களும் கிளம்பறோம், எங்களோடயே வரட்டும்" என்று அவள் பக்கத்தில் போய் நின்றால் போதும். தனியாக விட்டால் கெட்டது. மூச்சு மந்தமானாலோ எழுப்பினால் எழாவிட்டாலோ ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸ். பானத்தில் ஏதோ கலந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தால், முதலில் போகும் சிறுநீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்துவையுங்கள். ஜிஹெச்பி போன்ற மயக்க மருந்து சுமார் 12 மணி நேரத்தில் சிறுநீரிலிருந்து மறைந்துவிடும், காலையில் பார்க்கலாம் என்றால் ஒன்றும் மிஞ்சாது.

நடந்துவிட்டால் கடிகாரம் முக்கியம். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அவசரக் கருத்தடைக்கு 120 மணி நேரம் வரை வாய்ப்பு உண்டு, அதிலும் முதல் நாளே சிறந்தது. முடிந்தால் குளிக்காமல், உடை மாற்றாமல் போங்கள். மாற்றிவிட்டால் அந்த உடைகளைத் துவைக்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் அடைந்து பூஞ்சை பிடித்துத் தடயம் கெட்டுவிடும். குளித்துவிட்டீர்கள் என்றாலும் போங்கள், சிகிச்சையும் பரிசோதனையும் அதனால் வீணாகாது.

உங்களிடம் ஒரு பெண் வந்து, "அவர் நடந்துக்கறது சரியில்ல" என்று அரைகுறையாகச் சொன்னால், முழுதாகச் சொல்லச் சொல்லி நெருக்காதீர்கள். பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கைச் சொல்லி உங்கள் முகத்தைப் பார்க்கிறாள். "நீ சொல்றதை நம்பறேன்" என்று சொல்லிவிட்டு, இன்றைக்கு வீட்டுக்குப் போவது பாதுகாப்பா, அவளுடைய போனை அவன் பார்க்கிறானா, உங்களிடம் சொன்னது அவனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற மூன்றையும் கேளுங்கள். "நான் அவன்கிட்ட பேசிப் பாக்கறேன்" என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்கிற அந்தப் பஞ்சாயத்தால், அவள் வெளியே சொல்லிவிட்டாள் என்ற செய்தி அவனுக்குப் போகும், அன்று ராத்திரி அவனோடு தனியாக இருக்கப்போகிறவள் அவள்தான். என்ன செய்வது, எப்போது செய்வது என்பதை அவளே சொல்லட்டும். ஒரு மறைமொழியை மட்டும் இப்போதே பேசிவையுங்கள்: "அந்தப் புத்தகத்தைத் திருப்பித் தரணும்" என்று அவள் போன் செய்தால், கேள்வி கேட்காமல் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போய் நிற்பது என்று.